வெள்ளைக் கூழாங்கல்

தூயகரம் என்ற நாட்டில் பிரபுக்கள் தங்கள் கையால் எதையும் செய்வதில்லை. கதவு திறப்பதும், விசிறுவதும், அவையில் கைதட்டுவதும், அரசர் தேர்தலில் கூழாங்கல் போடுவதும் அவர்களுடைய காரியஸ்தர்களின் வேலை. வேலை செய்யாத கையே ஆளத் தகுந்த கை என்று அந்நாட்டுச் சட்டம் சொன்னது.

மாறவேள் என்ற பிரபு ஒருநாள் கதவைத் திறந்தார்.

சமையற்காரருக்குக் காய்ச்சல். மாளிகைக் காரியஸ்தர் அரியநாச்சி கொதிக்கும் கஞ்சிப்பானையை இரண்டு கைகளாலும் பிடித்தபடி வாசலுக்கு வெளியே நின்றார். திறக்க வேறு ஆள் இல்லை.

"ஐயா, கதவைத் தொட்டுட்டீங்களே."

"தொட்டாச்சு. பானையைக் குடு நாச்சி, கை வெந்துடும்."

இருவரும் பல ஆண்டுகளாக ஒருவரையொருவர் நேசித்தார்கள். அதுவரை அதற்காகப் பிரபு தன் கையை அசைக்கவில்லை. ஆகவே குற்றம் இல்லை. இப்போது எதிர்மாளிகையினர் பார்த்துவிட்டார்கள். ஒளிக்க ஒன்றுமில்லை என்பதால், அரியநாச்சியை மணக்க அனுமதி கேட்டு மாறவேள் அரசவைக்குப் போனார்.

சமத்துவ அமைச்சர் விருதராயர் எழுந்தார்.

"சமமானவர்கள் சமமானவர்களை மட்டுமே மணக்க வேண்டும். சமத்துவத்தைக் காப்பாற்ற இந்த அரசுக்கு வேறு வழி தெரியவில்லை."

பிரபுக்கள் மகிழ்ந்தார்கள். அவர்களுடைய காரியஸ்தர்கள் கைதட்டினார்கள்.

முதல் ஆணைப்படி நாட்டின் எல்லாக் கதவுகளும் கழற்றப்பட்டன. குடிசைக் கதவுகளும்தான். மழை வீட்டுக்குள் பெய்தது. சோற்றுப்பானைகளை நாய்கள் முதலில் பார்த்தன. குழந்தைகள் இருமினார்கள். கதவுக் குற்றங்கள் அடியோடு ஒழிந்துவிட்டதாக அமைச்சர் அறிவித்தார்.

அடுத்த ஆணைப்படி மாறவேளும் அரியநாச்சியும் நேரில் பேசக்கூடாது. நடுவில் ஒரு கட்டியக்காரர் நின்று, இருவர் சொல்வதையும் ஊர் கேட்கக் கூவ வேண்டும். கதவில்லாத ஊரில் அவர் குரல் எல்லா அடுக்களைக்கும் போனது.

ரசத்தில் உப்பு போதுமா என்று அரியநாச்சி கேட்டதை அவர் கூவினார். உப்பு சரிதான், எதிரில் நாச்சி இல்லாததால் சோறு இறங்கவில்லை என்று மாறவேள் சொன்னதையும், அதே ராகத்தில், தொண்டை கட்டும்வரை கூவினார். மற்ற மாளிகைகளில் காரியஸ்தர்கள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள்.

தண்டனையா திருமணமா என்பதை வாக்கெடுப்பால் முடிவு செய்ய அரசர் இசைந்தார். பிரபுக்களின் கற்களில் கறுப்பு மிகுந்தால் அரியநாச்சிக்கு ஆயுள் முழுக்க உப்பளம். வெள்ளை மிகுந்தால் திருமணம்.

தன் கல்லைத் தானே போடப்போவதாக மாறவேள் கட்டியக்காரரிடம் சொல்லி அனுப்பினார். அரியநாச்சியின் பதில் தெருவெங்கும் கேட்டது.

"வேண்டாம். உங்க கை பட்டா செல்லாதும்பாங்க. ஒருநாள் பேசாம உக்காருங்க. நாங்க பாத்துக்கறோம்."

'நாங்கள்' யார் என்று எந்தப் பிரபுவும் கேட்கவில்லை.

வாக்கெடுப்பு நாளில் மாறவேள் தவிர ஒவ்வொரு பிரபுவும் தன் காரியஸ்தரிடம் "கறுப்பு" என்றார். ஒவ்வொரு காரியஸ்தரும் வணங்கிவிட்டுப் போய்க் குடத்தில் ஒரு கல்லைப் போட்டார். பிறகு குடத்தைக் கவிழ்த்தார்கள். தரை வெள்ளையானது. ஒரு கறுப்புக்கல்கூட இல்லை.

விருதராயர் மறுபடி எழுந்தார்.

"இவை காரியஸ்தர்களின் வாக்குகள். பிரபுக்களின் வாக்குகள் அல்ல. ஆகவே செல்லாது."

அரியநாச்சி பேச அனுமதி கேட்டார். அரசர் தலையசைத்தார்.

"அமைச்சர் சொல்றது நியாயந்தாங்க. ஆனா மகாராசா, உங்களைத் தேர்ந்தெடுத்தப்பவும் கல்லுப் போட்டது இதே கைதான். அதையும் செல்லாதுன்னுடலாங்களா?"

அரசருக்குப் பின்னால் விசிறிக்கொண்டிருந்த அவருடைய காரியஸ்தர் விசிறுவதை நிறுத்தினார். அரசருக்கு வியர்த்தது.

"வாக்குகள் செல்லும். என்றைக்கும் செல்லும்" என்றார் அரசர்.

மறுநாள் கதவுகள் திரும்பி வந்தன. அதன் மறுநாள் திருமணம். மாறவேள் தாலியைத் தன் கையாலேயே கட்டினார். பழகாத விரல்கள், முடிச்சு நழுவியது.

"இழுத்துக் கட்டுங்க. அவசரமில்லே" என்றார் அரியநாச்சி.

மூன்றாவது முடிச்சு நின்றது. ஊரே கைதட்டியது, முதல்முறையாக யாருக்காகவும் இல்லாமல், தங்களுக்காக.

மற்றப் பிரபுக்கள் அன்றே கூடினார்கள். அடுத்த தேர்தலில் தங்கள் கல்லைத் தாங்களே போடுவது என்று ஒருமனதாக முடிவெடுத்தார்கள். அதற்கான ஆணையை எழுதிக் கொண்டுவரும்படி தத்தம் காரியஸ்தர்களிடம் சொல்லியிருக்கிறார்கள்.