இரண்டு பூசணிக்காய்களும் ஒரு மேனேஜரும்

ஊரான் தலையைக் காப்பாற்றுவதற்காகவே மாதச் சம்பளம் வாங்கியவன் நான். என் தலையை மட்டும் கடவுளிடம் ஒப்படைத்திருந்தேன். (அவருக்குச் சம்பளம் கிடையாது.) ஆவடியிலிருந்து வேலைக்குப் போகும்போது என் ஹெல்மெட் பெட்ரோல் டேங்கின் மேல் உட்கார்ந்து வரும். போலீஸ் நிற்கும் சிக்னல் தெரிந்தால் தலைக்கு ஏறும். அப்போதும் ஸ்ட்ராப் மாட்டியதில்லை. டேங்குக்கு எந்த ஆபத்தும் வராமல் பார்த்துக்கொண்டேன்.

வேலை, மண்ணூர்பேட்டையில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. ஆறு மாதம் முடிந்துவிட்டது. பர்மனென்ட் கடிதத்தில் மேனேஜர் கையெழுத்துப் போடவேண்டியதுதான் பாக்கி. அந்தக் கடிதத்துக்காக என் கல்யாணத் தேதியே காத்துக்கொண்டிருந்தது. "முதல்ல பர்மனென்ட் ஆகட்டும்" என்று பெண் வீட்டில் கறாராகச் சொல்லியிருந்தார்கள்.

அந்த வாரம் ஹெல்மெட் விழிப்புணர்வு நடத்தும்படி மேனேஜர் சொன்னார். வேறு யாராவது என்றால் நோட்டீஸ் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்கள். நான் விஞ்ஞானி அல்லவா? இரண்டு திருஷ்டிப் பூசணிக்காய் வாங்கினேன். ஒன்றை வெறுமனே, இன்னொன்றை ஹெல்மெட்டோடு, மேலிருந்து போடுவதாகத் திட்டம். முதலாவது சிதறும், இரண்டாவது பிழைக்கும், தொழிலாளர்கள் கண்ணீர் மல்க ஹெல்மெட் வாங்க ஓடுவார்கள். 'தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போகும்' என்று கேட்டில் பேனரும் கட்டினேன்.

காலை ஷிஃப்ட் ஆட்கள் கேட்டில் கூடினார்கள். அங்கேயே ஆட்டோ போட்டிருக்கும் மாரி அண்ணனும் வந்து நின்றார்.

"பைக்குக்கு சரி சார். நம்மளுது மூணு சக்கரம், மேல கூர கீது. எனக்கு இன்னாத்துக்கு ஹெல்மெட்டு?"

பதில் எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லும் வயதும் அல்ல. எல்லாம் டெமோவில் புரியும் என்று சொல்லிவிட்டு செக்யூரிட்டி அறையின் மொட்டைமாடிக்கு ஏறினேன்.

முதல் பூசணி சொன்ன பேச்சு கேட்டது. கேட் வாசலில் சுக்குநூறானது. கைதட்டினார்கள். இரண்டாவதற்கு ஹெல்மெட்டைக் கவிழ்த்தபோதுதான் பூசணிக்காய்க்குத் தாடை கிடையாது, ஸ்ட்ராப் மாட்ட வழியில்லை என்பது உறைத்தது. நானே மாட்டுவதில்லை, பூசணி மாட்டாவிட்டால் என்ன என்று தள்ளிவிட்டேன். பாதி வழியில் இருவரும் பிரிந்தார்கள். பூசணி முதலாவதன் பக்கத்திலேயே போய்ச் சேர்ந்தது. ஹெல்மெட் உருண்டு மாரியின் காலடியில் நின்றது. அவர் அதை எடுத்துத் துடைத்து நிதானமாகத் திருப்பிப் பார்த்தார்.

"ஹெல்மெட்டுக்கு ஒண்ணும் ஆவல சார். தலதான் பூட்ச்சி."

சிரிப்பு அடங்குவதற்குள் மேனேஜரின் ஸ்கூட்டர் கேட்டுக்குள் திரும்பியது. வானகரத்திலிருந்து தினமும் ஸ்ட்ராப் மாட்டிய ஹெல்மெட்டோடு எட்டரைக்குச் சரியாக வருகிறவர். ஆயுத பூஜையின்போது, பாதையில் பூசணிக்காய் உடைத்தால் வண்டி சறுக்கும் என்று நோட்டீஸ் ஒட்டச் சொன்னவரும் அவர்தான். ஒட்டியவன் நான். ஸ்கூட்டர் ஒரு பக்கம் போனது, அவர் ஒரு பக்கம் போனார். தலை இரும்பு கேட்டில் மோதிய சத்தம் மாடி வரை கேட்டது.

மாடியிலிருந்து இறங்கி ஓடினேன். கடிதமும் கல்யாணமும் போகட்டும், இந்த மனிதர் எழுந்தால் போதும் என்றிருந்தது. எழுந்தார். ஹெல்மெட்டில் ஆழமாக ஒரு பள்ளம், தலையில் ஒன்றுமில்லை. வலது மணிக்கட்டு மட்டும் வீங்கத் தொடங்கியிருந்தது.

மாரியின் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். ஒரு கையால் அவருக்கு ஸ்ட்ராப்பைக் கழற்ற வரவில்லை. உதவலாம் என்று கை நீட்டினேன். அவர் பார்த்த பார்வையில் கையை மடக்கிக்கொண்டேன். ஹெல்மெட்டோடேயே உட்கார்ந்து வந்தார். பதற்றத்தில் மாரி வேகத்தடையைக் கவனிக்கவில்லை. ஆட்டோ துள்ளியதில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் குறுக்குக் கம்பியில் நாங்கள் இருவரும் போய் முட்டினோம். அவர் தலை 'டங்' என்றது. என் தலை சத்தம் போடவில்லை, ரத்தம்தான் மூக்கு வரை வந்தது.

மாரி கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். "கூர கீதுன்னு நான் சொன்னது தப்பு சார். இப்பதான் டெமோ கரீட்டா கீது."

எனக்கு மூன்று தையல். போட்டு முடிக்கும்வரை மேனேஜர் பக்கத்திலேயே நின்றார். "ஹெல்மெட் காப்பாத்துதுப்பா, ஒத்துக்கறேன். ஒரே காலையில ரெண்டு தடவை காப்பாத்திச்சு. உன்கிட்டேர்ந்து தப்பிக்க என்ன போடறதுன்னுதான் தெரியல" என்றார்.

மறுநாளே மாரி அந்தக் கம்பியில் பழைய சோபா ஸ்பாஞ்சைச் சுற்றிவிட்டார். என் கடிதம் மூன்று மாதம் தள்ளிப்போனது. பெண் வீட்டில் கேட்டதற்கு ஆபீஸ் தாமதம் என்றேன். முழுப் பூசணிக்காயையே சோற்றில் மறைக்க முடியாது. நான் உடைந்த இரண்டை மறைக்கப் பார்த்தேன்.

கல்யாண மேடையில் குட்டு உடைந்தது. மேனேஜர் பெரிய பொட்டலத்தோடு ஏறி வந்தார். உள்ளே முகத்தையும் மூடும் புது ஹெல்மெட். அதை அவரே என் தலையில் கவிழ்த்து, ஸ்ட்ராப்பை மாட்டி, இழுத்தும் பார்த்துக்கொண்டார். பிறகு மைக்கை வாங்கி நானூறு பேருக்கும் கதையைச் சொன்னார்.

பட்டு வேட்டி, மாலை, ஹெல்மெட் என்று நான் நிற்கும் அந்தப் படம்தான் இன்றும் எங்கள் ஆல்பத்தின் முதல் பக்கம். வீட்டுக்கு யார் வந்தாலும் என் மனைவி அதைத்தான் முதலில் காட்டுவாள். மாப்பிள்ளை முகமே தெரியவில்லையே என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில் வைத்திருக்கிறாள்.

"இவரு லட்சணமா இருக்கற ஒரே போட்டோ இதுதாங்க."