அந்த டேங்க் அந்தக் காலத்து டேங்க் இல்லை

இன்று நாம் பார்க்கப்போகும் ஜீவராசி ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் இடைப்பட்ட பிரதேசத்தில் செழித்து வளர்வது. ஞாயிற்றுக்கிழமை காலையில் டிவிக்கு முன்னால், லுங்கியும் கையில் ரிமோட்டுமாகத் தென்படும். யாரையும் கடிக்காது. படத்தை மட்டும் கடித்துத் துப்பும். இதற்குப் புதையல் படக்காரர் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

புதையல் படம் என்றால் என்னவென்று கேட்காதீர்கள். நீங்களும் பார்த்திருக்கிறீர்கள், ஒப்புக்கொள்ளத்தான் மாட்டீர்கள். இரண்டாம் உலகப் போர் முடிய இன்னும் நாலு நாள் பாக்கி. ஜெர்மன்காரன் எங்கிருந்தோ கொள்ளையடித்த தங்கத்தை எங்கோ ஒளித்து வைத்திருக்கிறான். அதை அவனிடமிருந்து கொள்ளையடிக்க ஏழு பேர் கிளம்புகிறார்கள். ஒருவன் பூட்டுத் திறப்பவன், ஒருவன் வெடி வைப்பவன், ஒருவன் லாரி ஓட்டுபவன், ஒருவன் துரோகி, மீதி மூன்று பேர் இடைவேளைக்குள் செத்துப்போவதற்கென்றே வந்தவர்கள். தயாரிப்பாளரிடம் இருப்பதோ ஒரே லாரி. அது இடமிருந்து வலமாகப் போனால் நம்மவன் லாரி, வலமிருந்து இடமாக வந்தால் எதிரி லாரி. போர் முழுக்க ஜன்னலுக்கு வெளியே சத்தமாகவே நடக்கும். உள்ளே கூப்பிட்டால் சம்பளம் கொடுக்க வேண்டுமே. ஒரு காலத்தில் பெரிய ஆளாக இருந்த நடிகர் ஒருவர் தளபதியாக வந்து, மேஜையை விட்டு எழுந்திருக்காமலேயே டெலிபோனில் போரை நடத்தி முடிப்பார். இரண்டு நாள் கால்ஷீட். டப்பிங் புண்ணியத்தில் எல்லோரும் தமிழ்தான் பேசுவார்கள்; ஜெர்மன்காரன் மட்டும் கொஞ்சம் இலக்கண சுத்தமாகப் பேசுவான். கெட்டவன் அல்லவா?

இந்தப் படங்களை யார் பார்ப்பார்கள்? அறிவாளிகள்தான். நல்ல படம் பார்த்தால் இயக்குநர் அறிவாளி; மோசமான படம் பார்த்தால் நாம் அறிவாளி. இவ்வளவு மலிவாக அந்தப் பட்டம் வேறு எங்கே கிடைக்கும்?

முத்தாபுதுப்பேட்டையில் சொந்த வீட்டில் வசிக்கும் தசரதனை எடுத்துக்கொள்ளுங்கள். டேங்க் தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருஷம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். திரையில் டேங்க் வந்து நிற்பதற்கு முன்பே அவர் விரல் நீண்டுவிடும். "அந்த டேங்க் அந்தக் காலத்து டேங்க் இல்ல. டிராக்டர் மேல தகரம் அடிச்சிகீறான்." பிறகு சக்கரத்தை எண்ணுவார். ஐந்து இருக்க வேண்டிய இடத்தில் ஆறு இருந்தால் அவர் முகத்தில் வரும் பிரகாசத்தைப் பார்க்க வேண்டும். தங்கம் கிடைத்த ஏழு பேர் முகத்தில்கூட அது கிடையாது.

அவருக்கு இரண்டு சகாக்கள். பக்கத்து வீட்டு ஏகாம்பரம், ஊர் ஊராக ஆகுமுன்பே இங்கே நிலம் வைத்திருந்த குடும்பம், இப்போது கட்டடச் சாமான் கடை. மாடியில் குடியிருக்கும் ஜஸ்டின், நாகர்கோவில் பக்கம், கம்ப்யூட்டர் கம்பெனி. ஜஸ்டினின் துறை எடை. "அண்ணே, ஒரு தங்கக் கட்டி பன்னிரண்டரை கிலோண்ணே. இவன் அக்குளுக்கு ரெண்டு இடுக்கிக்கிட்டு ஓடுதான்!" ஏகாம்பரத்தின் துறை செத்தவர்கள். "இவன் அப்பவே சுட்டு உயுந்தவன் நைனா. மீசைய எடுத்துட்டு மறுபடி சாவறான் பாரு." மூவருமாக ஒரு படத்தில் சராசரி நாற்பது தப்பு கண்டுபிடிப்பார்கள். முடிந்ததும், "சீ, இதெல்லாம் ஒரு படமா?" என்பார்கள். மறுபடி போட்டால் மறுபடி பார்ப்பார்கள். ஒருமுறை கோடி கோடியாகக் கொட்டி எடுத்த போர்ப் படம் ஒன்றைக் காட்டியபோது மூவரும் அரை மணியில் தூங்கிவிட்டார்கள். "தப்பே இல்ல, இன்னாத்தப் பாக்கறது?" என்றார் தசரதன், உண்மையான வருத்தத்துடன்.

இதுவரை தொந்தரவு இல்லை. அடுத்தவன் கொள்ளையில் இத்தனை தப்புப் பார்ப்பவன் தானே ஒரு கொள்ளையைத் தப்பில்லாமல் நடத்த முடியும் என்று நம்ப ஆரம்பிக்கிறான் பாருங்கள், அங்கேதான் வீட்டுக்குக் கேடு.

போன ஞாயிறு தசரதனின் மகள் ராதிகாவுக்கு நிச்சயதார்த்தம். சென்னீர்குப்பத்தில் மண்டபம். பன்னிரண்டு மணிக்கு எமகண்டம் பிறக்கிறது, அதற்குள் மோதிரம் மாற்றியாக வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். வரிசைத் தட்டுகளோடு மனைவி வரலட்சுமி ஏழு மணிக்கே மண்டபத்துக்குப் போய்விட்டார். மாப்பிள்ளைக்குப் போடவேண்டிய மோதிரமும் ராதிகாவின் நகையும் வீட்டுப் பீரோவில். கூட்டத்தில் வைத்துக்கொண்டு திண்டாடுவானேன், அப்பாவும் பெண்ணும் வரும்போது எடுத்து வரட்டும் என்று ஏற்பாடு. அந்தப் பக்கம் இரண்டு வீடுகளில் பூட்டு உடைந்ததிலிருந்து வரலட்சுமி சாவி வைக்கும் இடத்தை மாற்றியிருந்தார். எங்கே என்று கணவரிடம் சொல்லியும் இருந்தார். அப்போது திரையில் ஒரு பாலம் வெடித்துக்கொண்டிருந்தது. "உம்" என்றார் தசரதன்.

ஒன்பதரைக்கு, பாதித் தலை பின்னிய ராதிகா கேட்டாள். "அப்பா, பீரோ சாவி எங்க?"

தசரதன் மனைவிக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் நாதஸ்வரம் சரியாகக் காதுக்குள் வாசித்துக்கொண்டிருந்தது.

"சாவியா? டேங்க்லதாங்க கீது! குழாய்க்குள்ள உட்டு வெச்சிருக்கேன்! கவுத்து ஒரு தட்டு தட்டுங்க, உயுந்துடும்!"

போன் அறுந்தது. தசரதன் ஒரு நிமிடம் மொட்டை மாடிப் பக்கம் பார்த்தார். அங்கே கறுப்பாக, கம்பீரமாக, ஆயிரம் லிட்டர் கொள்ளும் தண்ணீர் டேங்க்.

மற்ற மனிதர்களாக இருந்தால் இந்த இடத்தில் சந்தேகப்பட்டிருப்பார்கள். எந்தப் பெண்பிள்ளையாவது பீரோ சாவியைத் தண்ணீருக்குள் போடுவாளா? ஜஸ்டின்கூட லேசாகக் கேட்டான். தசரதன் அவனை இரக்கத்தோடு பார்த்தார்.

"போன வாரம் பாத்தமே, தங்கத்த எங்க போட்டான்?"

"ஏரிக்குள்ளண்ணே."

"அப்புறம்? எத்தினி வாட்டி அவளும் கூடக் குந்தி பாத்துகினு இருந்தா! திருடன் தண்ணிக்குள்ள தேடுவானா? கத்துக்கினா பாரு ஜஸ்டின், கத்துக்கினா!"

மனைவியின் அறிவைத் திருமணமாகி முப்பது வருஷத்தில் அவர் மெச்சியது அன்றுதான்.

பிறகு திட்டம். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் மாடியின் வரைபடம் போடப்பட்டது. ஏகாம்பரம் வரவழைக்கப்பட்டார், பட்டு வேட்டியோடு. மூன்று பேருக்கும் பொறுப்புகள் பிரிக்கப்பட்டன. துரோகி வேலைக்கு மட்டும் ஆள் இல்லாததால் அது காலியாக விடப்பட்டது. பத்து மணிக்கு மூவரும் கைக்கடிகாரங்களை ஒன்றாகச் சரிசெய்துகொண்டார்கள். ஜஸ்டினிடம் கைக்கடிகாரம் இல்லை, போனைக் காட்டினான்.

"அப்பா, அம்மாவுக்கு இன்னொரு வாட்டி போன் பண்ணிக் கேளேன்" என்றாள் ராதிகா.

"மேளச் சத்தத்துல இன்னா கேக்கும்? எல்லாம் சொல்லிட்டா. நீ போய் தலைய முடி."

கவிழ்த்துத் தட்ட வேண்டுமானால் முதலில் காலியாக்க வேண்டும். ஆயிரம் லிட்டர் தண்ணீர். வெளியேறும் குழாயைக் கழற்றினார்கள். மாடிப்படி அருவியானது. தண்ணீர் ராதிகாவுக்காக வாங்கிவைத்திருந்த பூவையும், ஏகாம்பரத்தின் செருப்பையும் வாசல்வரை கொண்டுபோய் விட்டது. கழற்றிய குழாய்க்குள் தசரதன் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தார். மறுமுனையில் ஜஸ்டினின் கண் தெரிந்தது.

"இன்னா தெரிது நைனா?" என்றார் ஏகாம்பரம்.

"ஜஸ்டின் தெரியறான்."

பத்தே முக்காலுக்கு டேங்க்கைக் கவிழ்த்துத் தட்டினார்கள். ஒரு தட்டு தட்டச் சொன்னதை முப்பது தட்டு தட்டினார்கள். ஒரு கரப்பான்பூச்சியும், கொஞ்சம் சேறும், என்றோ காணாமல்போன ஷேவிங் பிரஷ்ஷும் விழுந்தன. ஏகாம்பரம் பிரஷ்ஷை எடுத்துப் பார்த்து, "இது என்னுது நைனா" என்றார். அது எப்படி அங்கே போனது என்று விசாரிக்கக் குழு உட்காரப் பார்த்தது.

"அப்பா!"

ராதிகா மாடிப்படியில் நின்றாள். முழங்கால்வரை நனைந்த பட்டுப் புடவை. கண்மை கொஞ்சம் இறங்கியிருந்தது, தண்ணீரால் அல்ல. "அவங்க வீட்ல எல்லாரும் வந்துட்டாங்களாம். பன்னெண்டுக்குள்ள மோதிரம் போடலன்னா இன்னொரு நாள் பாத்துக்கலாம்னு அவரோட அத்தை சொல்றாங்களாம். அந்த அம்மாவுக்கு மொதல்லருந்தே நம்ம ஊடு புடிக்கலப்பா. ஒரு சாக்குக்குத்தான் காத்துகினு கீறாங்க."

தசரதன் கையில் குழாயுடன் நின்றார். எந்தப் படத்திலும் ஏழு பேரில் எவனுக்கும் மகள் கிடையாது.

ராதிகா போனை எடுத்தாள். திட்டம், வரைபடம், கடிகாரம் எதுவும் இல்லாமல் இரண்டே சொல் கேட்டாள்.

"எந்த டேங்க்மா?"

பதில் எல்லோருக்கும் கேட்டது. நாதஸ்வரமே அதற்காக நிறுத்தியது போலிருந்தது. "ஊட்ல எத்தினி டேங்க் கீது? உங்கப்பா டேங்க்தான்டி! டிவி மேல நிக்குதே, பித்தள!"

ஓய்வு பெற்ற அன்று தொழிற்சாலையில் கூட வேலை பார்த்தவர்கள் செய்து கொடுத்த ஒரு முழ நீளப் பித்தளை டேங்க். ஆயிரம் படங்களில் டேங்க்கில் தப்புக் கண்டுபிடித்தவரின் கண்ணுக்கு நேர் மேலே, டிவி அலமாரியில் ஆறு வருஷமாக நிற்கிறது. அதன் பீரங்கியைத்தான் வரலட்சுமி குழாய் என்பார். "அது குழாய் இல்லடி, பேரல்!" என்று தசரதன் ஆறு வருஷமாகத் திருத்திக்கொண்டிருக்கிறார். அவர் அகராதியில் குழாய் என்றால் தண்ணீர் வருவது.

ராதிகா அதைக் கவிழ்த்து ஒரு தட்டு தட்டினாள். சாவி விழுந்தது.

ஏகாம்பரம் வண்டியை எடுக்க, பருத்திப்பட்டைத் தாண்டி அவர்கள் மண்டபத்துக்குள் நுழைந்தபோது மணி பதினொன்று ஐம்பத்திரண்டு. தசரதனின் வேட்டியில் டேங்க் சேறு. வரலட்சுமி பார்த்த பார்வையிலேயே எல்லாம் இருந்தது. மேடை ஓரத்தில் நின்ற சம்பந்தி திருமுருகன் கவலையோடு வந்து விசாரித்தார். கொரட்டூர்க்காரர், வங்கியில் லாக்கர் பகுதியைப் பார்த்து ஓய்வு பெற்றவர். தசரதன் மூச்சு வாங்க நடந்ததைச் சொன்னார். சம்பந்தியின் நெற்றி சுருங்கியது. அத்தையம்மாள் காதைத் தீட்டினார்.

"ஒரு நிமிஷம்" என்றார் திருமுருகன். "பீரோ சாவிக்குத் தலை அகலமா இருக்குமே. ஒரு முழ டேங்க்னா பீரங்கி சுண்டுவிரல் கனம்தான் இருக்கும். உள்ள எப்படிங்க போகும்?"

தசரதன் கண்கள் மின்னின. "அப்படிக் கேளுங்க! அது அளவு எடுத்துச் செஞ்ச பீஸ் இல்ல சம்பந்தி. பேரலக் கொஞ்சம் பெருசா போட்டுட்டானுங்க. நான் அப்பவே சொன்னேன்..."

"அதானே பாத்தேன்! இந்தப் போர்ப் படத்துல பெட்டகக் கதவு காட்டறானே, அதுவும் அப்படித்தாங்க. அந்தக் காலத்துக் கதவே இல்ல."

"நீங்களும் பாப்பீங்களா?"

பதினொன்று ஐம்பத்தேழுக்கு ராதிகா மாப்பிள்ளையின் விரலைத் தானே பிடித்து மோதிரத்தைப் போட்டாள். அத்தையம்மாளுக்குச் சாக்கு மூன்று நிமிடத்தில் கைநழுவியது. ஆல்பத்தில் அந்தப் படம் நன்றாகவே வந்திருக்கிறது. பின்னால் இரண்டு அப்பாக்கள் மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள், ஒருவர் சுண்டுவிரலை நீட்டியபடி, மற்றவர் தலையை ஆட்டியபடி.

அந்தப் பெண்ணின் கல்யாணம் மூன்று நிமிடத்தில் தப்பியது. ஆனால் உங்களுக்கு நிம்மதிப் பெருமூச்சு வரவில்லை, பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். சாவி விழுந்ததாகச் சொன்ன இடத்திலேயே நீங்கள் நின்றுவிட்டீர்கள். பீரங்கியைப் பெரிதாகப் போட்டாலும் சாவியின் தலை இடிக்குமே என்று மனதுக்குள் விரலை வைத்து அளந்துகொண்டிருக்கிறீர்கள். பரவாயில்லை, வாருங்கள். சம்பந்திகள் இருவருக்கும் நடுவில் ஒரு நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது.