கடைசி வண்டியின் சட்டம்

இந்த வருஷம் பாலைவனத்துக்கு வெர்டா இல்லாமல் போவது என்று தீர்மானித்தேன். கல்யாணமான நாள் முதல் நான் சொந்தமாகச் செய்த தீர்மானங்கள் மொத்தம் இரண்டு. முதலாவது, இந்த வண்டியை வாங்கியது. அதிலும் நிறம் அவள் சொன்னதுதான்.

வண்டி என்றால் கார் இல்லை. சைட்-பை-சைட் என்போம். தெற்கு யூட்டாவில் எங்கள் ஊர்ப்பக்கம் வீட்டுக்கு ஒன்று நிற்கும். கூரைக்குப் பதில் இரும்புக் குழாய், கதவுக்குப் பதில் பாதிக் கதவு, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சீட். பாறை, மணல், வறண்ட ஓடை என்று எதில் விட்டாலும் போகும். வண்டியில் ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் அந்த இரண்டாவது சீட்டில்தான்.

போன வருஷம் அதில் வெர்டா உட்கார்ந்திருந்தாள். முன்னால் இருக்கும் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒரே வார்த்தைதான் சொன்னாள். மேடு வந்தால் "ரூலன்". பள்ளம் வந்தால் "ரூலன்". சமதரையில் சும்மா போனாலும் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு "ரூலன்". நடுநடுவே, "லோ கியர்ல போடு. பெல்ட் கருகுற வாசனை வருது" என்பாள். திரும்பி வருவதற்குள் என் பெயரே எனக்கு வெறுத்துப்போய்விட்டது.

நாலு நாள். வருஷத்தில் நாலே நாள், ஸ்டீயரிங் என் கையில், பேச்சுக் கேட்க ஆள் இல்லாமல். நான் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

அதற்காக "நீ வராதே" என்று மனைவியிடம் சொல்லிவிட முடியுமா? சொன்னவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். இப்போது தனியாகக் குடியிருக்கிறார்கள். ஆகவே "நான் வரல" என்று அவளே சொல்லும்படி பண்ண வேண்டும். கொஞ்சம் பயமுறுத்தினால் போதும் என்று கணக்குப் போட்டேன்.

வெர்டா சமையலறையில் பீச் பழத்தைத் தோலுரித்து பாட்டிலில் அடைத்துக்கொண்டிருந்தாள். நான் போய் கவலையாக உட்கார்ந்தேன்.

"இந்தத் தடவை போன வருஷம் மாதிரி இல்ல வெர்டா. ரொம்ப உள்ள போறோம்."

"போலாமே."

"ஃபோன் சிக்னலே கிடைக்காது."

"நிம்மதியா இருக்கும்."

"ராத்திரி காத்து கூடாரத்தையே தூக்கிட்டுப் போயிடும்."

"ஆணி அடிக்க மாட்டியா?"

"அந்த மணல்ல ஆணி எங்க நிக்குது? பையில மணலை ரொப்பி, கயித்துல கட்டிப் புதைக்கணும்."

"எவ்வளவு ஆழம்?"

பயந்துவிட்டாள் என்று நினைத்தேன். "முழங்கை ஆழம்" என்று உற்சாகமாகச் சொன்னேன்.

"தண்ணி?"

"ஆளுக்கு நாளைக்கு ஒரு கேலன். குடிக்க, சமைக்க எல்லாம் அதுலதான். குளிக்கிற பேச்சே கிடையாது. காலைல எழுந்ததும் ஷூவை உதறணும். தேள் படுத்திருக்கும்."

"வழி தவறிட்டா?"

இதற்காகவே வரைபடத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தேன். பழத்தோலை ஒதுக்கிவிட்டு மேஜையில் விரித்தேன். தெற்கு வழி, சுற்று, ஆனால் பத்திரம். வடக்கில் ஒரு குறுக்கு வழி, முழுக்க மணல், டயரில் காற்றைப் பாதியாகக் குறைக்காமல் போனால் புதைந்துவிடும். நடுவில் பல்லுதிர்த்தான்.

பல்லுதிர்த்தான் என்பது ஒரு பாறை மேடு. படிக்கட்டு மாதிரி இருக்கும், படி ஒவ்வொன்றும் முழங்கால் உயரம். "அதுல ஏறினவங்க இந்த ஊர்ல ரொம்பக் கொஞ்சம் பேர்" என்றேன். நானும் ஏறினதில்லை. அதைச் சொல்லவில்லை.

"அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல. பெரிய பாறைக் குடைவு. நல்ல நிழல். நாலஞ்சு கூடாரம் தாராளமாப் போடலாம். ஆனா அங்க போய்ச் சேரணுமே."

அவள் வரைபடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அசைகிற மாதிரி தெரியவில்லை. கடைசி ஆயுதத்தை எடுத்தேன்.

"அப்புறம், கக்கூஸ் கிடையாது."

"குழி தோண்டிக்கலாம்."

"தோண்டக் கூடாது. பையில போய், கட்டி, ஊருக்கே திருப்பிக் கொண்டுவரணும். சட்டம்."

இது உண்மை. உண்மையோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் அவள் மூக்கு லேசாகச் சுருங்கியது. அதைப் பார்த்ததும் எனக்கு வாய் நிற்கவில்லை.

"அதோட போச்சா? வரிசையில கடைசியா வர்ற வண்டிதான் எல்லாரோட பையையும் கட்டிட்டு வரணும்."

"எல்லாரோடதுமா?"

"எல்லாரோடதும்."

"யார் போட்ட சட்டம் அது?"

"பாலைவனச் சட்டம். ரொம்பப் பழசு."

அப்படி ஒரு சட்டம் எங்கேயும் கிடையாது. பீச் பழத்துக்கும் எனக்கும் நடுவில் அந்த நிமிஷம் பிறந்தது.

இன்னும் கொஞ்சம் அழுத்திவிடலாம் என்று வண்டிக்குப் போய் ஸ்பேர் பெல்ட்டை எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தேன். "எஞ்சின்லேருந்து சக்கரத்துக்கு இதுதான் இழுக்குது. இது அறுந்தா வண்டி ஒரு அடி நகராது. ஸ்பேரும் இல்லேன்னா அங்கேயே காய வேண்டியதுதான்." எப்படிக் கழற்றுவது, எப்படி மாட்டுவது என்று முழு விவரமும் சொன்னேன். கேட்கவே பயங்கரமாக இருக்கட்டும் என்றுதான். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு பாட்டில்களுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"உன்கூட என்னால வர முடியாது ரூலன். நீ போய்ட்டு வா."

முகத்தை வாட்டமாக வைத்துக்கொண்டேன். "நிஜமாவா? தனியா இருப்பியே."

"பாத்துக்கறேன்."

வெளியே வந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் டெல்மர் நின்றுகொண்டிருந்தான். பக்கத்து வீட்டுக்காரன், என்னோடு வருவதாக இருந்தவன். அவன் முகம் என் முகத்தைவிடப் பிரகாசமாக இருந்தது.

"ஜனீல் என்ன சொன்னா?" என்று கேட்டேன். ஜனீல் அவன் மனைவி.

"போகச் சொல்லிட்டா. சாண்ட்விச்சும் கட்டித் தராளாம். ஆனா என் வண்டி வேண்டாங்கறா. அதுல ஏதோ சத்தம் வருதாம். உன் வண்டியிலயே போயிடச் சொன்னா."

"என்ன சத்தம்?"

"எனக்குக் கேக்கல. அவளுக்குக் கேக்குது."

"போகட்டும். என் பக்கத்து சீட்டு காலியாத்தானே இருக்கு."

"நமக்கு நல்ல காலம் ரூலன்."

"பேசாதே. கண்ணு பட்டுடப் போவுது."

முதல் நாள் சொர்க்கம். தெற்கு வழியாகப் போனோம். மேடு வந்தால் நான் கத்தினேன், பள்ளம் வந்தால் டெல்மர் கத்தினான். என் பெயரை யாரும் சொல்லவில்லை. ராத்திரி சாண்ட்விச்சைத் தின்றுவிட்டு, துடைக்காமல், கழுவாமல் படுத்தோம்.

மறுநாள் காலை முகாமை அங்கேயே விட்டுவிட்டு பல்லுதிர்த்தான் அடிவாரத்துக்கு வந்தோம். கீழே இருந்து பார்த்தபோது படிகள் கொஞ்சம் உயரமாகத்தான் தெரிந்தன.

"லோ கியர்ல போடலியா?" என்றான் டெல்மர்.

"நீயுமா?"

அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டான். நான் ஹை கியரிலேயே மிதித்தேன். முதல் படி ஏறியது. இரண்டாவது படியும் ஏறியது. மூன்றாவதில் ஒரு வாசனை வந்தது. போன வருஷம் வெர்டா சொன்ன அதே வாசனை. அப்புறம் படாரென்று ஒரு சத்தம், அப்புறம் புகை. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. வண்டி மட்டும் பின்னாலேயே சறுக்கி, கிளம்பின இடத்துக்கு வந்து நின்றது.

"ஸ்பேர் இருக்குல்ல?"

"அது இல்லாம வருவேனா?"

பெட்டியைத் திறந்தேன். கயிறு இருந்தது, கையுறை இருந்தது, வெர்டா வைத்த ஒரு பாட்டில் பீச் இருந்தது. பீச்சைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது.

"எங்கடா?" என்றான் டெல்மர்.

"வீட்ல."

"வீட்ல எங்க?"

"சமையல் மேடையில. வெர்டாவைப் பயமுறுத்தறதுக்கு எடுத்தேன்."

"பயந்தாளா?"

வண்டி நிழலில் உட்கார்ந்தோம். வெயில் ஏற ஏற அந்த நிழலும் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. முகாம் நடந்து போகிற தூரமில்லை, தண்ணீர்க் கேன்கள் அங்கே இருந்தன. கையில் இருந்தது ஒரே ஒரு குடுவை.

"ரெண்டு வண்டியா வந்திருந்தா ஒருத்தன் போய் உதவி கூட்டிட்டு வரலாம்" என்றான் டெல்மர்.

"உன் வண்டியிலதான் சத்தமாச்சே."

பீச் பாட்டிலைத் திறந்து ஆளுக்கொரு துண்டு தின்றோம். பாட்டிலில் பாதி காலியானபோது மேலேயிருந்து எஞ்சின் சத்தம் கேட்டது.

பல்லுதிர்த்தான் உச்சியில் ஒரு வண்டி தலைநீட்டியது. நீட்டி, இறங்க ஆரம்பித்தது. லோ கியரில், வீட்டு மாடிப்படியில் துணிக்கூடையோடு இறங்குகிற மாதிரி நிதானமாக இறங்கியது. உள்ளே இருந்தவர்கள் கண்ணாடி போட்டு, முகத்தில் துணி கட்டியிருந்தார்கள். ஓட்டினவர் மூன்று விரலைக் காட்டினார். பாதையில் எதிரே வருகிறவர்களுக்கு, தன் பின்னால் எத்தனை வண்டி வருகிறது என்று விரலால் சொல்வது எங்கள் வழக்கம். கடைசி வண்டி மட்டும் முஷ்டியைத் தூக்கும். எனக்குப் பின்னால் யாருமில்லை என்று அர்த்தம்.

"மூணு வருது. பிழைச்சோம்" என்றேன்.

முதல் வண்டி பக்கத்தில் வந்தது. "சௌக்கியமா பிரதர் டால்மன்?" என்றது முகத்துணி. டால்மன் என் குடும்பப் பெயர். சர்ச்சில் கேட்ட பெண் குரல். இரண்டாவது வண்டியில் கொடிக்குப் பதிலாகப் பூப்போட்ட துணி பறந்தது.

"ரூலன்," என்றான் டெல்மர் மெதுவாக, "அந்தத் துணி ஜனீல் தைக்கிற போர்வையில இருக்கிற துணி."

மூன்றாவது போயிற்று. நான்காவதாக வந்தது டெல்மரின் வண்டி. ஒரு சத்தமும் இல்லை. ஓட்டினது ஜனீல். பக்கத்து சீட்டில் ஒரு முஷ்டி உயர்ந்திருந்தது. முஷ்டிக்குக் கீழே வெர்டா. இன்னொரு கையில் என் பெல்ட்.

"இதை விட்டுட்டுப் போயிட்ட" என்றாள்.

"நீ... நீ வர முடியாதுன்னு சொன்னியே."

"உன்கூட வர முடியாதுன்னு சொன்னேன். ஆனா நீ சொல்லச் சொல்ல இடம் ரொம்பப் பிடிச்சுப்போச்சு. சர்ச்சுல எங்ககூடப் போர்வை தைக்கிறவங்ககிட்ட சொன்னேன். அவங்களுக்கும் பிடிச்சுப்போச்சு."

"எந்த வழியா வந்தீங்க?"

"குறுக்கு வழி. டயர்ல பாதிக் காத்து. நேத்து மத்தியானமே அந்தக் குடைவுல கூடாரம் போட்டாச்சு. முழங்கை ஆழம், அசையவே இல்ல. நீ இன்னும் ஏறி வரலியேன்னு பாத்தேன். அதான் இறங்கி வந்தோம்."

"பெல்ட் வீட்ல இருக்குன்னு ஒரு ஃபோன் பண்ணக் கூடாதா?"

"சிக்னல் கிடைக்காதுன்னு யார் சொன்னது?"

டெல்மர் ஜனீலிடம், "வண்டியில ஏதோ சத்தம்னியே" என்றான்.

"நின்னுடுச்சு" என்றாள் ஜனீல்.

நான் பெல்ட்டுக்காகக் கையை நீட்டினேன். வெர்டாவும் கையை நீட்டினாள்.

"சாவி."

"வெர்டா, வருஷத்துல நாலே நாள். நாலு நாள் நான் ஓட்டிக்கறேனே." இந்தத் தடவை நான் நடிக்கவில்லை. நிஜமாகவே.

அவள் முகம் இளகிற்று. "தெரியும்டா. ஆனா இருக்கிறது இந்த ஒண்ணுதான். இதையும் நீ கருக்கிட்டா?"

டெல்மரைப் பார்த்தேன். அவன் ஏற்கெனவே தன் வண்டியில், வெர்டா இறங்கின பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தான். சாவியைக் கொடுத்தேன்.

சமையலறையில் நான் சொல்லிக்கொடுத்தபடியே பெல்ட்டை மாட்டினாள். லோ கியரில் போட்டாள். பல்லுதிர்த்தான் ஒரு பல்லைக்கூட உதிர்க்காமல் எங்களை மேலே விட்டது. மூன்றாவது படியில் நான் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். என்னை அறியாமல் வாய் "வெர்டா" என்றது.

"சொல்லு."

"ஒண்ணுமில்ல."

மிச்ச நாட்கள் நன்றாகவே போயின, அதை மறைக்கக் கூடாது. அவளும் ஜனீலும் வார்ப்பிரும்புச் சட்டிக்கு மேலும் கீழும் நெருப்புத் துண்டு வைத்து பீச் கேக் சுட்டார்கள். பாறைமேல் மேஜைவிரிப்பு போட்டிருந்தார்கள். பெல்ட்டைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

கிளம்புகிற காலையில் வண்டிகள் வரிசையாக நின்றன. வெர்டா எங்கள் வண்டியைக் கடைசியில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"ஏன் கடைசில?"

"முன்னால போய் என்ன அவசரம்?"

அப்போது முதல் வண்டிக்காரம்மா தயங்கித் தயங்கி வந்தாள். கையில் இரட்டை முடிச்சுப் போட்ட ஒரு கறுப்புப் பை. "தப்பா நினைச்சுக்காதீங்க பிரதர் டால்மன். சங்கடமாத்தான் இருக்கு. ஆனா சட்டம்னு வெர்டா சொன்னா." அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். எல்லார் கையிலும் பை.

"இல்ல, அது வந்து..." என்று ஆரம்பித்தேன்.

"சட்டம்தானே ரூலன்?" என்றாள் வெர்டா. உதட்டோரம் ஒன்று துடித்தது. "நீதானே சமையலறைல சொன்னே. எதுக்காகச் சொன்னேன்னு வேணா எல்லாருக்கும் விவரமாச் சொல்லேன்."

எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"சட்டம்தான்" என்றேன். "ரொம்பப் பழசு."

பைகளை என் சீட்டுக்குப் பின்னால் வரிசையாகக் கட்டினார்கள். நாங்கள் கிளம்பினோம். வெயில் ஏறியது. பைகளும் அதை உணர்ந்தன. ஓடைத் திருப்பத்தில் எதிரே ஒரு கூட்டம் வண்டிகள் வந்தன, எங்கள் முன்வண்டிகள் ஒவ்வொன்றாக விரல் காட்டிக்கொண்டு போயின.

"என் ரெண்டு கையும் ஸ்டீயரிங்ல இருக்கு" என்றாள் வெர்டா. "நீ காட்டு."

ஒரு கையால் முஷ்டியைத் தூக்கினேன். இன்னொரு கை ஏற்கெனவே மூக்கைப் பிடித்திருந்தது.