மூடியைத் திறந்த ஷால்வா

சாடியின் மூடியைத் தூக்கிக் குனிந்து மோந்து பார்த்த ஷால்வா, அப்படியே பின்னால் நகர்ந்து சுவரில் முதுகை இடித்துக்கொண்டான்.

"என்னங்க ஆச்சு?" ஒயின் அறை வாசலில் நின்று கேட்டாள் அவன் மனைவி நசிப்ரோலா.

"ஒண்ணும் ஆகல. மூக்கடைப்பு."

"மூக்கடைச்சவருக்குக் கண்ணுல ஏன் தண்ணி வருது?" என்றபடி இறங்கி வந்து அவளும் குனிந்தாள். நிமிர்ந்தபோது அவள் கண்ணும் கலங்கியிருந்தது. "போச்சு. மொத்தமும் புளிச்சுப் போச்சு."

தரைக்குள் கழுத்துவரை புதைத்த மண்சாடி அது. உள்ளே ஆயிரம் லிட்டர் சிவப்பு ஒயின். இலையுதிர்காலத்தில் நிரப்பி, மூடி, களிமண் பூசினால் வசந்தம் வரை அதைத் தொடக் கூடாது. ஜார்ஜியாவின் ஒயின் வட்டாரமான காகேதியில் பால்குடிக்கும் குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம். ஷால்வாவுக்கும் தெரியும். ஆனால் பெருமை யாரை விட்டது? வந்தவன் போனவனுக்கெல்லாம் மூடியைத் திறந்து காட்டி, ஆளுக்கொரு கோப்பை ஊற்றிக் கொடுத்து, பாராட்டு வாங்கிக்கொண்டே குளிர்காலத்தைக் கழித்தான். காற்று தன் வேலையைப் பார்த்துவிட்டது.

இன்றைக்கென்று பார்த்து டென்மார்க்கிலிருந்து கொள்முதல்காரர்கள் வருகிறார்கள். ஊரில் வீடு வீடாகப் பார்த்துக்கொண்டு வந்து, கடைசியாக ஷால்வா வீடு. இந்த வருடமும் சரக்கு போகாவிட்டால், மேட்டுத் திராட்சைத் தோட்டத்தை மச்சான் குராமியிடம் ஒப்படைத்துவிட்டு அவனுடைய டயர் கடையில் வேலைக்குச் சேர்வதாக ஷால்வா சொல்லியிருந்தான். போதையில் சொன்னதுதான். ஆனால் ஊர் முன்னால் கோப்பையைத் தூக்கிக்கொண்டு சொன்னது. அதைத் திரும்ப வாங்க முடியாது.

"குராமி உங்களுக்குக் கடை நீலச் சட்டைகூடத் தச்சு வச்சிட்டான்" என்றாள் நசிப்ரோலா.

"என் அளவு அவனுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் கொடுத்தேன்."

ஷால்வா குடத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு உஷாங்கியிடம் ஓடினான்.

"அண்ணே, ஒரு குடம் ஒயின் வேணும். ஆர்டர் கிடைச்சா உங்க சரக்கையே என் பேர்ல அனுப்பிடலாம். லாபத்துல ஆளுக்குப் பாதி."

"அதுக்கென்ன தம்பி, முதல்ல உக்காரு."

"உக்கார நேரமில்ல அண்ணே."

"நின்னுக்கிட்டே குடிச்சுட்டுப் போறதுக்கு என் வீடு என்ன பஸ் ஸ்டாண்டா?"

உதவி கேட்டு வந்தவனை நிற்க வைத்தே அனுப்புவது காகேதியில் கொலைக்கு ஒரு படிதான் கீழே. எனவே சமாதானத்துக்கு ஒரு கோப்பை, செத்தவர்களுக்கு ஒரு கோப்பை, ஷால்வாவின் செத்துப்போன சரக்குக்குத் தனியாக ஒரு கோப்பை என்று குடித்து முடித்த பிறகுதான் குடம் நிறைந்தது.

வீட்டுக்கு வரும் வழியிலேயே தொலைபேசி அடித்தது. விருந்தாளிகளை வண்டியில் அழைத்துவரும் மொழிபெயர்ப்பாளப் பெண் மக்வாலா.

"ஷால்வா அண்ணே, இன்னும் கொஞ்ச நேரத்துல வந்துடுவோம். இப்ப உஷாங்கி அண்ணன் வீட்டுக்குத்தான் போய்க்கிட்டிருக்கோம்."

ஷால்வா கையிலிருந்த குடத்தைப் பார்த்தான். அங்கே குடித்ததையே இங்கேயும் ஊற்றினால் மானம் போகும்.

"என்ன மாதிரி ஆளுங்கம்மா அவங்க?"

"ஒண்ணுமே புரியல அண்ணே. அந்தம்மா கிளாஸ்ல வாயே வைக்க மாட்டேங்குது. எல்லா வீட்லயும் சாடிக்குள்ள தலையை விட்டு மோந்து பாக்குது. உதட்டைப் பிதுக்குது. கிளம்பிடுது."

ஷால்வா வீட்டை நோக்கி ஓட்டமெடுத்தான். ஊரிலேயே நல்ல சரக்குகளுக்கு உதட்டைப் பிதுக்கிய மூக்கு, இவன் சாடிக்குள் நுழைந்தால் என்ன ஆகும்?

முதலில் குடத்தைக் கவனித்தான். உஷாங்கியின் ஒயின் என்று தெரியாமல் இருக்க நசிப்ரோலாவின் செர்ரிப் பழ சர்பத்தைக் கலந்தான். தித்தித்தது. தித்திப்பைக் குறைக்கக் கொஞ்சம் சாராயம் விட்டான். எரிந்தது. எரிச்சலைக் குறைக்க மறுபடியும் சர்பத். கடைசியில் அதற்குப் பெயர் வைக்க எந்த நாட்டிலும் சொல் இல்லை.

பிறகு சாடி. தோட்டத்து மோட்டாரை இழுத்து வந்து குழாயைச் சாடிக்குள் இறக்கினான். மறுமுனை வாசல் வாய்க்காலில்.

"பாவம் புடிச்ச மனுஷா, ஆயிரம் லிட்டரையும் கொட்டப் போறீங்களா?" நசிப்ரோலா தலையில் அடித்துக்கொண்டாள்.

"சரக்கெல்லாம் வித்துப்போச்சு, காலிச் சாடின்னு சொல்லிக்கலாம். நீ சாலட்டைக் கலக்கு."

மோட்டார் உறுமியது. வாய்க்கால் சிவந்து ஓடியது. பக்கத்து வீட்டு வாத்துகள் வந்து ஒரு வாய் குடித்துப் பார்த்து, தும்மிக்கொண்டு திரும்பிப் போயின. தான் நட்டு, வெட்டி, மருந்தடித்து, மிதித்துப் பிழிந்த ஒரு வருட உழைப்பு ஓடுவதைப் பார்க்கச் சகிக்காமல் ஷால்வா முகத்தைத் திருப்பிக்கொண்டான். உண்மையாகவே அழுகை வந்தது.

கடைசிச் சொட்டு வெளியேறவும் வண்டி வரவும் சரியாக இருந்தது.

டென்மார்க் அம்மாள் உயரமாக இருந்தார். பெயர் கிர்ஸ்டென். கூட இரண்டு பேர். வண்டியிலிருந்து கீழே கால் வைத்ததுமே நின்றார். மூக்கை உயர்த்தினார். வாய்க்காலின் ஓரம் போய்க் குனிந்து, மக்வாலாவிடம் படபடவென்று ஏதோ சொன்னார்.

"அண்ணே, அந்த வாய்க்கால்ல..." என்று ஆரம்பித்தாள் மக்வாலா.

"வாங்க வாங்க! பசியோட வந்திருக்கீங்க!" ஷால்வா அவர்களை ஏறக்குறையத் தள்ளிக்கொண்டு போய் மேஜையில் உட்கார வைத்தான்.

அந்த அம்மாள் மறுபடி வாயைத் திறந்தார். ஷால்வா சட்டென்று எழுந்து கோப்பையைத் தூக்கினான்.

"சமாதானத்துக்கு!"

கோப்பையைத் தூக்கியவன் பேசி முடிக்கும் வரை மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். மக்வாலா காகேதிப் பெண். மூடிக்கொண்டாள். ஷால்வா சமாதானத்தைப் பற்றி நீளமாகப் பேசினான். முடிந்ததும் அந்த அம்மாள் மூச்சை இழுத்தார்.

"பெத்தவங்களுக்கு!"

அதன் பிறகு செத்தவர்களுக்கு. பிறகு பிறக்கப் போகிறவர்களுக்கு. டென்மார்க் மக்களுக்கு, அவர்களுடைய ராணிகளுக்கு, அவர்கள் கடலில் பிடிக்கும் மீன்களுக்கு. ஒவ்வொரு வாழ்த்துக்கும் ஷால்வா அந்தக் கலவையைத் தானே குடிக்க வேண்டியிருந்தது. விருந்தாளிகள் உதட்டை நனைத்ததோடு சரி. அந்த அம்மாள் மட்டும், நசிப்ரோலா அவசரத்தில் ஒயின் அறையில் கைக்குக் கிடைத்ததை ஊற்றிக் கலக்கிய வெள்ளரி தக்காளி சாலட்டை மூன்று தட்டு சாப்பிட்டுவிட்டு, தட்டைச் சாய்த்து மிச்சத்தையும் உறிஞ்சினார்.

"ஒயினைத் தொடல பாத்தீங்களா?" நசிப்ரோலா காதில் கிசுகிசுத்தாள். "சட்டையைத் துவைச்சுப் போடச் சொல்லட்டுமா?"

ஷால்வா மறுபடி எழுந்தான். மேஜையைப் பிடித்துக்கொண்டான். வாழ்த்துவதற்கு உலகத்தில் இன்னும் என்ன மிச்சமிருக்கிறது என்று யோசித்தான். ஒன்றும் தோன்றவில்லை. மெதுவாக உட்கார்ந்தான்.

"சொல்லும்மா" என்றான். "பிடிக்கலேன்னா பிடிக்கலேன்னு சொல்லச் சொல்லு. நான் தாங்கிக்குவேன்."

அந்த அம்மாள் பேசினார். கையை ஆட்டி, மூக்கைத் தொட்டு, வாசலைக் காட்டி நிறையப் பேசினார். கேட்கக் கேட்க மக்வாலாவின் முகம் மாறிக்கொண்டே வந்தது.

"என்னம்மா சொல்றாங்க?"

மக்வாலா தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"அண்ணே, இவங்க ஊறுகாய்க் கம்பெனிக்காரங்களாம், மண்சாடியில தானாவே புளிச்ச வினிகர் வாங்கத்தான் வந்தாங்களாம், காலையிலேர்ந்து ஒரு வீட்லயும் வாயைத் திறக்க விடலயாம்... வாசல் வாய்க்கால்ல ஓடுதே, அது யாரோடதுன்னு கேக்கறாங்க."