உளுந்து டப்பாவில் இருந்த சங்கிலியைத் திருடியவர்

காரைக்குடியில் காவல்துறைக்கு முழு மனதோடு ஒத்துழைத்த ஒரே குடிமகன் யார் என்று கேட்டால் நான் யோசிக்கவே மாட்டேன். சாவி அண்ணன்தான். எங்கள் பகுதியில் திருட்டு நடந்தால் போலீஸ் அவரைத் தேடிப் போக வேண்டிய வேலையே இல்லை. அவராகவே ஸ்டேஷனுக்கு வந்துவிடுவார். சில நாள், பொருளைப் பறிகொடுத்தவர் புகார் எழுதிக்கொண்டு வருவதற்கு முன்பே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்.

"என்னடா சாவி, இன்னும் கம்ப்ளைண்டே வரலையே?" என்று ஸ்டேஷன் ரைட்டர் கேட்பாராம்.

"வந்துரும்யா. வர்ற வழியிலதான் பாத்தேன். அந்த வீட்டு வாசல்ல கூட்டம் நிக்கிது. அந்தம்மா அழுதுக்கிட்டு இருக்காக. அழுது முடிச்சதும் வருவாக."

கையில் ஒரு மஞ்சள் பை இருக்கும். அதில் ஒரு துண்டு, ஒரு கைலி, ஒரு தைலப் புட்டி, ரெண்டு பிஸ்கட் பாக்கெட். இத்தனை ஏற்பாட்டோடு வந்து உட்காருகிற ஆளை எந்த ஊர் போலீஸும் திருடன் என்று நினைக்காது. எங்கள் ஊரில் நினைத்தார்கள். எந்த ஸ்டேஷன் என்று மட்டும் கேட்காதீர்கள். நான் இன்னும் இதே ஊரில்தான் குடியிருக்கிறேன்.

சாவி அண்ணனுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ஒல்லியான உடம்பு. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில், சாவி வெட்டுகிற மெஷினும் அவரும் மட்டுமே நுழையக்கூடிய பெட்டிக்கடை. பைக் சாவி, பீரோ சாவி, கேட் பூட்டு, எதுவானாலும் ஐந்து நிமிடம். அந்தத் திறமைதான் அவருக்கு எமனாக வந்தது.

பல வருடங்களுக்கு முன்பு ஒரு போலீஸ் அதிகாரி குடும்பத்தோடு கோயிலுக்குப் போய்விட்டு வந்து, வீட்டுச் சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் நின்றிருக்கிறார். அண்ணனைக் கூட்டிப் போனார்கள். அரை நிமிடத்தில் கதவு திறந்துகொண்டது. அதிகாரி கதவைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துப் பெயரும் விலாசமும் கேட்டு எழுதிக்கொண்டார். பெரிய இடத்து வாடிக்கை கிடைத்துவிட்டது என்று அண்ணனுக்கு ஒரே சந்தோஷம். வீட்டுக்கு மிட்டாய்கூட வாங்கிப் போனாராம். அடுத்த வாரம் நாலு தெரு தள்ளி ஒரு வீட்டில் திருட்டு. நோட்டில் முதல் பெயர் அவருடையது.

அதிகாரி மாற்றலாகிப் போனார். நோட்டு மட்டும் போகவில்லை.

அதன்பிறகு அவரைச் சந்தேகப்படாமல் இருக்க வழியே கிடையாது. பூட்டை உடைக்காமல் திருட்டு நடந்திருந்தால், "சாவியைத் தவிர வேற யாரு தொறப்பா?" பூட்டை உடைத்துத் திருட்டு நடந்திருந்தால், "நம்ம சந்தேகப்படக் கூடாதுன்னே உடைச்சிருக்கான் பாரு." ஒருமுறை திருட்டு நடந்த சமயத்தில் அவர் காளையார்கோவிலில் கொழுந்தியாள் மகள் கல்யாணத்தில் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தார். முந்நூறு பேர் சாட்சி, போதாததற்கு வீடியோ வேறு. வீடியோவை ஓட்டிப் பார்த்துவிட்டு அப்போதிருந்த ஏட்டு சொன்னாராம்: "முந்நூறு சாட்சி வச்சிருக்கான்னா, எம்புட்டு நாளைக்கு முன்னாடியே திட்டம் போட்டிருக்கான்!"

இன்னொரு முறை அவரை ஜன்னல் கம்பியோடு சேர்த்து விலங்கு மாட்டிவிட்டு, விலங்குச் சாவியைத் தொலைத்துவிட்டார்கள். ஸ்டேஷன் முழுக்கத் தேடினார்கள். மத்தியானம் ஆகிவிட்டது. ரைட்டருக்குப் பசி.

"ஏன்டா, நீயே தொறந்துக்கக் கூடாதா?"

"தொறப்பேன்யா. அப்பறம் தப்பிக்கப் பாத்தேன்னு எழுதிருவீக. எல்லாரும் பாக்க, தொறன்னு வாயால ஒரு வார்த்தை சொல்லுங்க."

சொன்னார்கள். மேசையில் கிடந்த ஒரு குண்டூசியை எடுத்துத் திறந்து, விலங்கைத் துடைத்து மேசைமேல் வைத்தார். சாயங்காலம் வெளியே விட்டதும் கடைக்குப் போய் மாற்றுச் சாவி ஒன்று செய்து கொண்டுவந்து கொடுத்தார். "அவசரத்துக்கு ஆகும்ல சார்," என்றார், பின்னொரு நாள் என்னிடம் இதைச் சொல்லும்போது.

இந்தக் கதைகளையெல்லாம் நான் டீக்கடையில் கைகால் ஆட்டிச் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். தைலப் புட்டி எதற்கு என்று கேட்டவர்களும் இல்லை, நான் யோசித்ததும் இல்லை. என் வீட்டுச் சங்கிலி காணாமல் போகிற வரைக்கும்.

நான் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். மனைவி ஸ்டெல்லா பள்ளிக்கூட டீச்சர். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து, அப்படியே நாச்சியாபுரத்தில் ஒரு உறவினர் வீட்டுக்கும் போய்விட்டு வந்தோம். திங்கட்கிழமை காலையில் பீரோவைத் திறந்தால் ஸ்டெல்லாவின் நாலு பவுன் சங்கிலி இல்லை. சிலுவை டாலர் கோத்த சங்கிலி, எங்கள் கல்யாணத்துக்கு அவளுடைய அப்பா போட்டது. வீட்டைத் தலைகீழாகப் புரட்டினோம். கிடைக்கவில்லை. அக்கம்பக்கம் தெரிந்தால் அசிங்கம் என்று யாரிடமும் மூச்சு விடாமல் நான் மட்டும் போய்ப் புகார் கொடுத்தேன்.

"யார் மேலயாவது சந்தேகம் இருக்கா சார்?" என்று ரைட்டர் கேட்டார்.

"யார் மேலயும் இல்லங்க."

"பரவாயில்ல. எங்களுக்கு இருக்கு."

அந்தப் பதிலைக் கேட்டு எனக்கு எவ்வளவு தெம்பாக இருந்தது தெரியுமா? வீட்டுக்கு வந்து, நம் போலீஸை என்னவோ நினைத்தோம், நல்ல சுறுசுறுப்பு என்று ஸ்டெல்லாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

புதன்கிழமை காலை, ஸ்டெல்லா இட்லிக்கு ஊறப்போட உளுந்து டப்பாவுக்குள் கையை விட்டாள். "ஏங்க..." என்று ஒரு குரல். போய்ப் பார்த்தேன். உளுந்து ஒட்டிக்கொண்டு அவள் கையில் சங்கிலி தொங்கியது.

"இங்க யாருடி வச்சது?"

"நாந்தான். நாச்சியாபுரம் போறப்ப வச்சேன். இப்பத்தான் ஞாபகம் வருது. நீங்கதான அந்த பீரோ பூட்டு சரியில்லன்னு சொன்னீக?"

பதில் சொல்ல வாயைத் திறந்தபோது என் போன் அடித்தது. ஸ்டேஷனிலிருந்து.

"சார், ஆள் சிக்கிட்டான்! எல்லாத்தையும் ஒத்துக்கிட்டான். சங்கிலியையும் மீட்டாச்சு. மத்தியானம் வாங்க, போட்டோ எடுக்கணும்."

ஒரு கையில் போன், மறு கையில் சங்கிலி. "யாருங்க ஆளு?" என்று கேட்டேன்.

"வேற யாரு? சாவிதான்."

சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஸ்டெல்லா உட்காரவில்லை. பள்ளிக்கூடத்துக்கு லீவு சொன்னாள், சங்கிலியைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள், "வண்டிய எடுங்க" என்றாள்.

ஸ்டேஷனில் சாவி அண்ணன் பெஞ்சில் இல்லை. மூலையில் தரையில் இருந்தார். இந்த முறை கையில் மஞ்சள் பையும் இல்லை. நான்தான் விஷயத்தை வெளியே விடவில்லையே, அவருக்கு எப்படித் தெரியும்? திங்கட்கிழமை மத்தியானம் யாருக்கோ வண்டிச் சாவி வெட்டிக்கொண்டிருந்தவரை மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே இழுத்து வந்திருக்கிறார்கள். வலது கைக் கட்டைவிரல் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல், உட்கார்ந்தபடியே வணக்கம் வைத்தார்.

புதிதாக வந்த எஸ்.ஐ. எங்களை நாற்காலியில் உட்காரச் சொன்னார். மேசையில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து அதன்மேல் ஒரு தங்கச் சங்கிலியை வைத்திருந்தார். அதில் பிள்ளையார் டாலர்.

"இது எங்க சங்கிலி இல்ல சார்," என்றேன். "எங்களோடது வீட்லயே கிடைச்சிருச்சு. இவ கழுத்துல இருக்கு பாருங்க. இவரை விட்டுருங்க."

எஸ்.ஐ. ஸ்டெல்லாவின் கழுத்தைப் பார்த்தார். துணியிலிருந்த சங்கிலியைப் பார்த்தார். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து மெதுவாகக் கேட்டார்.

"சங்கிலி கிடைச்சதை வெளிய யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்லயே."

"நல்லது. சொல்லாதீங்க."

பிரச்சினை அவருக்கும் இருந்தது, பாவம். குற்றவாளி ஒத்துக்கொண்டாகிவிட்டது. வாக்குமூலம் எழுதிக் கையெழுத்தும் வாங்கியாகிவிட்டது. மேலிடத்துக்குச் சொல்லிப் பாராட்டு வந்தாகிவிட்டது. போட்டோ எடுக்க ஆள் வந்துகொண்டிருக்கிறார். இத்தனை நடந்த பிறகு, திருட்டு நடக்கவில்லை என்று ஒருவன் வந்து நின்றால் எப்படி இருக்கும்?

"ஆனா சார், இதுல பிள்ளையார் இருக்காரு. எங்களோடது சிலுவை."

"டாலரை மாத்தியிருப்பான்."

"அப்ப இவ கழுத்துல இருக்கிறது?"

"அதை நீங்கதான் சொல்லணும். போலீஸுக்குப் பொய்ப் புகார் கொடுத்தா என்ன ஆகும்னு தெரியுமா உங்களுக்கு? அரசாங்கச் சம்பளம் வாங்குற டீச்சர் வேற."

உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிடம் எழுந்து வீட்டுக்குப் போய்விடலாமா என்றுதான் எனக்குத் தோன்றியது. ஸ்டெல்லா எழுந்தாள். வாசலுக்குப் போகவில்லை. கதவைத் திறந்து, நேராக மூலைக்குப் போய் அண்ணனுக்கு முன்னால் நின்றாள். வகுப்பில் கேள்வி கேட்கிற அதே குரல்.

"அண்ணே, நீங்கதான் எங்க சங்கிலிய எடுத்தீகளா?"

"ஆமா டீச்சர். ஒத்துக்கிட்டேன்."

"அதுல என்ன டாலர் இருந்துச்சு?"

அண்ணன் திருதிருவென்று விழித்தார். கையெழுத்துப் போட்ட தாளில் அது எங்கே இருந்தது என்று யோசிப்பவர் போல நெற்றியைச் சுருக்கினார். பிறகு எஸ்.ஐ. பக்கம் திரும்பி, ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

"ஐயா, என்ன டாலர்னு சொன்னீக?"

புகார் கொடுக்க வந்து நின்ற நாலைந்து பேர் எங்களையே பார்த்தார்கள். ரைட்டர் குனிந்து, ஏற்கெனவே மூடியிருந்த பேனாவை மறுபடி மூடினார்.

ஸ்டெல்லா அதோடு விடவில்லை. ரைட்டரிடம் ரெண்டு தாள் கேட்டு வாங்கி, அந்த மூலையிலேயே பெஞ்சை இழுத்துப் போட்டு, நடந்ததை ஒன்று விடாமல் எழுத ஆரம்பித்தாள். ஒரு தாள் இங்கே, இன்னொரு தாள் சிவகங்கையில் எஸ்.பி. அலுவலகத்துக்கு என்று சத்தமாகவே சொன்னாள். கட்டைவிரல் எப்படி வீங்கியது என்று கேட்டாள். "கதவுல நசுங்கிருச்சு டீச்சர்," என்றார் அண்ணன். "எந்தக் கதவு?" என்றாள். அவர் எஸ்.ஐ. பக்கம் பார்த்தார். அதையும் எழுதினாள். போட்டோ எடுக்கிறவர் வந்தார், டீ குடித்தார், திரும்பிப் போனார்.

சாயங்காலம் நாலரை மணிக்கு, சங்கிலி ஞாபகமறதியாக வேறு இடத்தில் வைக்கப்பட்டது என்று என்னிடம் எழுதி வாங்கிக்கொண்டு அண்ணனை விட்டார்கள். மறுநாள் ஒரு நகைக்கடைக்காரர் வந்து பிள்ளையார் டாலர் சங்கிலியை வாங்கிப் போனாராம். திருட்டு நகை வாங்கினாயா என்று மிரட்டி அவர் கடையிலிருந்து எடுத்துவந்தது அது. அவர் எதை ஒத்துக்கொண்டாரோ, தெரியாது.

ரெண்டு நாள் கழித்துக் கடைக்குப் போனேன். விரலில் கட்டு. மெஷின் சும்மா நின்றது. மன்னிப்புக் கேட்கலாம் என்று போனவன், கேள்விதான் கேட்டேன்.

"செய்யாததை ஏன்ணே ஒத்துக்கிட்டீக?"

"மொத நாளே ஒத்துக்கிட்டா ரெண்டாம் நாளு அடி மிச்சம் சார். இந்தத் தடவை நாந்தான் லேட்டு. மகளுக்கு மாப்பிள்ளை பேசிக்கிட்டு இருக்கோம், பேப்பர்ல போட்டோ மட்டும் வேண்டாம்யான்னு கெஞ்சிப் பாத்தேன். அதுலதான் ஒரு நாளு கூடிப்போச்சு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். "எல்லாம் என்னாலதான்ணே."

"அட, விடுங்க சார். உளுந்து டப்பாவுல கிடைச்சது உங்களுக்கு மட்டுமா? இத்தனை வருசத்துல எத்தனை பேருக்கு அரிசியில, மெத்தைக்கு அடியில கிடைச்சிருக்கும். அதை வந்து சொன்ன மொத ஆளு நீங்கதான்."

ஸ்டெல்லாவின் மனுவுக்கு மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. உரிய விசாரணை நடத்தப்பட்டதாகவும், துன்புறுத்தல் எதுவும் நடந்ததாகத் தெரியவில்லை என்றும், கதவு நல்ல நிலையில் இருப்பதாகவும் எழுதியிருந்தார்கள். எஸ்.ஐ. வேறு ஊருக்கு மாறிப் போனார், கொஞ்சம் பெரிய ஸ்டேஷனுக்கு. அண்ணன் மகள் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அவருடைய கட்டைவிரல் இன்னும் முழுசாக மடங்குவதில்லை. ஐந்து நிமிடச் சாவிக்கு இப்போது பத்து நிமிடம்.

போன மாதம் எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு பைக் திருட்டுப் போனது. கேள்விப்பட்டதும் போன் பண்ணினேன்.

"எங்க இருக்கீகண்ணே?"

"கிளம்பிட்டேன் சார். ஸ்டேஷனுக்குத்தான்."

"அங்கேயே நில்லுங்க. நாங்களும் வாறோம்."

சந்து முனையில் நின்றுகொண்டிருந்தார். ஒரு பக்கம் நான், மறு பக்கம் திருத்த வேண்டிய பரீட்சைப் பேப்பர் கட்டோடு ஸ்டெல்லா. மூன்று பேரும் நடந்தோம். அண்ணன் நாலு எட்டு வேகமாக முன்னே போவார், நின்று திரும்பிப் பார்ப்பார், பிறகு பின்தங்கிவிடுவார். என்னண்ணே, கால் வலிக்கிறதா என்று கேட்டேன்.

"அதெல்லாம் இல்ல சார். இத்தனை வருசமா ஒத்தையிலயே போயிட்டு வந்துட்டேனா, கூட ஆளு வந்தா எம்புட்டு வேகமா நடக்கணும்னு தெரிய மாட்டேங்குது."

"அவசரம் ஒண்ணும் இல்லண்ணே, மெதுவாப் போவோம்," என்றேன்.