கேதுவோடு முடிந்த பந்தயம்

நான் ஒரு காலத்தில் ஸ்கேட்டிங் சாம்பியன். அந்தக் காலம் மொத்தம் பத்து நொடி. ஆனால் அந்தப் பத்து நொடியை என்னைவிட ரசித்து அனுபவித்த சாம்பியன் உலகத்தில் இருக்க முடியாது.

அப்போது எனக்குப் பதினாறு வயது. சக்கரம் கட்டிக்கொண்டு கிளம்பினால் கொஞ்ச நேரத்தில் கால் இருப்பதே மறந்துவிடும். அடையாறில் நாங்கள் பயிற்சி செய்த தளத்தைச் சுற்றித் தூங்குமூஞ்சி மரங்கள் (எனக்கேற்ற இடம்தான்). நிழலும் வெயிலும் மாறி மாறி முகத்தில் விழ, சக்கரச் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்க, நான் மிதந்துகொண்டிருப்பேன். மிதக்கிற சுகத்தில் எத்தனை சுற்று ஆனது என்பதும் மறந்துவிடும்.

அதற்கு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். சனிக்கிழமைதோறும் அம்மா என்னை மயிலாப்பூர்க் கோயிலுக்கு இழுத்துப்போய் நவக்கிரகம் சுற்றவைப்பாள். ஆகவே சுற்றுக்கு ஒரு கிரகம். மாநில அணிக்கான தேர்வுப் பந்தயம் பத்துச் சுற்று. முதலில் வருபவளுக்கு மட்டும்தான் இடம். முதல் சுற்று பிள்ளையாருக்கு, மீதி ஒன்பதும் கிரகங்களுக்கு. கணக்கு கச்சிதம். அந்த அணியில் சேர்வதைத் தவிர அன்று எனக்கு வேறு ஆசையே கிடையாது. அப்பா ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, துண்டும் ஃபிளாஸ்குமாக வந்து உட்கார்ந்திருந்தார்.

விசில் ஊதினார்கள். சூரியன், சந்திரன், செவ்வாய்... சுக்கிரனில் உடம்பு பஞ்சாகிவிட்டது. கழுத்தில் பதக்கம், தோளில் கொடி. மாட வீதிக் காய்கறிக்காரம்மா பேப்பரில் என் படத்தைக் காட்டிக் காட்டி முருங்கைக்காய் விற்கிறாள். சனியில் தொடை பிடித்துக்கொண்டது (அவர் வேறென்ன செய்வார்?). ராகுவில், முன்னால் போன உயரமான பெண்ணை முந்தினேன். கேதுவை முடித்துக் கோட்டைத் தாண்டும்போது நான்தான் முதல். கணீரென்று மணி அடித்தது.

மணி அடித்தால் கை கூப்பாத மயிலாப்பூர்க்காரி உண்டா? நிமிர்ந்து, கண்ணை மூடி, தலைக்குமேல் கைகூப்பியபடி மிதந்தேன். அப்படியொரு சந்தோஷம் அதற்கப்புறம் எனக்கு வாய்க்கவே இல்லை (கல்யாணத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்). பக்கத்தில் சர்சர்ரென்று ஐந்து பேர் கடந்து போனார்கள். ‘பாவம், முடிந்ததுகூடத் தெரியாமல் ஓடுகிறதுகள்’ என்று அவர்களுக்குக் கையை வேறு ஆட்டினேன்.

“இன்னாம்மா, சாமி கும்பிட்டுக்கினு கீற? லாஸ்ட் ரவுண்டு பெல்லு அது! ஓடு, ஓடு!” என்று அலறினார் எங்கள் சிந்தாதிரிப்பேட்டை கோச்.

ஓடினேன். ஆறு பேரில் ஆறாவதாக வந்தேன்.

அப்பா துண்டை நீட்டினார். அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். வீட்டில் அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “மொத சுத்து யாருக்குடி சுத்தினே?” என்றாள்.

“சூரியனுக்கு.”

“பிள்ளையாரை விட்டுட்டியா? பின்னே எப்படிடி விளங்கும்?”

பல வருஷம் கழித்து என் கல்யாணம். அக்னியை மூன்று முறை வலம் வந்ததும் சாஸ்திரிகள், “போறும், உக்காருங்கோ” என்றார். பின்னாலிருந்து அப்பா மெதுவாக, “நன்னா எண்ணிண்டியா?” என்று கேட்டார். அவ்வளவுதான். மாப்பிள்ளையை இழுத்துக்கொண்டு நாலாவது சுற்றுக்குக் கிளம்பிவிட்டேன்.

இன்றைக்கும் வீட்டுக்கு யார் வந்தாலும், என் கணவர் கல்யாண வீடியோவில் அந்த இடத்தைத்தான் போட்டுக் காட்டுவார். “அந்த நாலாவது யாருக்குன்னு அவளையே கேளுங்கோ” என்பார்.

பிள்ளையாருக்குத்தான்.