அக்காவின் நாற்றங்காலுக்கு நான் போட்ட மூடி

தன் மேல் தனக்கு வரும் கோபம்தான் தீராத கோபம். மற்றவர்களைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். இங்கே திட்டு வாங்கியவனும் கூடவே வீட்டுக்கு வந்துவிடுகிறான். என் கூட வருகிறவனுக்கு வயது இருபத்து மூன்று. பி.எஸ்சி. தாவரவியல், இரண்டாம் வகுப்பு. (இரண்டாம் வகுப்பு என்பதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. நான் சொல்லிவிடுகிறேன்.)

செல்வியக்கா குடவாசல் பக்கத்தில் குத்தகைக்கு நிலம் எடுத்துத் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தான் குவைத்தில். குறுவைக்கு நாற்று விட்டிருந்த நேரத்தில் மாமியாருக்குக் கண் ஆபரேஷன் வந்தது. நாற்றங்காலை என்னிடம் ஒப்படைத்தாள்.

"நாலு நாள் தஞ்சாவூர்ல இருப்பேன். காலைல தண்ணி வை, சாயங்காலம் வடி. வேற ஒண்ணும் செய்யாதடா."

வெள்ளிக்கிழமை நடவுக்கு ஆள் சொல்லியாகிவிட்டது. நாற்று போனால் அந்தப் போகமே போய்விடும். வேற ஒண்ணும் செய்யாதே! இதைவிடத் தெளிவாக எந்த மொழியில் சொல்வது?

எனக்கோ மண்டை முழுக்கப் பச்சையம். இலையில் கண்ணுக்குத் தெரியாத வாய்கள். அவை திறக்கின்றன, காற்று நுழைகிறது, அதில் துளியூண்டு இருக்கும் கரியமில வாயுவை இலை பிடித்துக்கொள்கிறது, வேர் அனுப்பிய தண்ணீரோடு சேர்த்து வெயிலின் பலத்தில் சர்க்கரையாக்குகிறது. அதுதான் தாள், அதுதான் கதிர், அதுதான் தட்டில் விழும் சோறு. இன்றும் நினைத்தால் உடம்பு சிலிர்க்கிறது. சிலிர்த்ததோடு விட்டிருக்கலாம், பாவி.

பக்கத்து வயல் ராசேந்திரனிடம் டீக்கடையில் இதைச் சொன்னேன். அவர் டீயை ஊதிக்கொண்டே, "அப்ப நீ வயல்ல நின்னு மூச்சு விடு தம்பி. நாங்க உரக்கடைக்கே போகல" என்றார். பெஞ்சே சிரித்தது. கோபம் நேராக மூளைக்கு ஏறியது. அங்கே இடம் நிறைய இருந்தது.

அன்று மதியமே மூங்கில் வளைத்து, நாற்றங்கால் முழுவதையும் பாலிதீன் ஷீட்டால் மூடினேன். ஓரமெல்லாம் சேறு அப்பினேன். உள்ளே மூன்று சட்டிகளில் உமி மூட்டம். எரிகிற உமியிலிருந்து கரியமில வாயு வரும், ஷீட் அதை வெளியே விடாது, நாற்று வயிறு முட்டத் தின்னும். ஆனி மாத வெயில் வேறு. (வெயிலுக்குச் சூடும் உண்டு என்பது என் பாடத்திட்டத்தில் இல்லை போலும்.) தண்ணீர் வைக்கக்கூடத் திறக்கவில்லை. திறந்தால் வாயு போய்விடுமாம், வாயு.

வெள்ளிக்கிழமை காலை அக்கா நடவாட்களோடு வந்து நின்றாள். திறப்பு விழா நடத்துகிறவன் மாதிரி ஷீட்டை விலக்கினேன்.

ஆவி வந்தது.

நாற்று முழுக்கப் பழுத்து, வதங்கி, சேற்றோடு படுத்திருந்தது. சூடு மிஞ்சினால் இலை வாயை மூடிக்கொள்ளும். மூடிய வாயில் எதை ஊட்டுவது? அது கேட்டதெல்லாம் சும்மா ஓடுகிற காற்று. அதைத்தான் நான் சேறு வைத்து அடைத்திருந்தேன்.

நடவாட்களில் மூத்தவரான அஞ்சலையம்மா ஒரு கொத்தைப் பிடுங்கி மோந்து பார்த்தார். "நல்லா வெந்திருக்கு தம்பி. உப்புதான் போடல."

அக்கா சிரிக்கவில்லை. "என்னடா செஞ்ச?"

"கரியமில வாயு, அக்கா..."

"எவன்டா கேட்டான் அதை? ஊரெல்லாம் காத்தா கெடக்கு, நீ சட்டியில வச்சியா? புள்ளைக்குப் பசிக்குதுன்னா அடுப்புக்குள்ள உக்கார வைப்பியாடா?"

திட்டிக்கொண்டே அழுதாள். பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ராசேந்திரனிடம் மிச்ச நாற்று கேட்கப் போனாள். யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாதவள். அவர் கொடுத்தார். பாதி நிலத்துக்குத்தான் கண்டது. மீதி அந்தப் போகம் முழுக்கத் தரிசாகக் கிடந்தது. நாற்றுக்கட்டுகளை நான்தான் தலையில் சுமந்தேன். சேற்றுத் தண்ணீர் முகத்தில் வழிந்தது. வழிந்தது எது என்று யாரும் கேட்காமல் இருக்க அது வசதியாக இருந்தது.

இருபத்தைந்து வருடம் ஆகிவிட்டது. எங்கள் வீட்டில் யாருக்குப் பெண் பார்க்கிறார்கள், யார் யாரோடு பேசுவதில்லை, எல்லாம் எனக்குத் தெரியும். அக்கா நாற்று விடும் தேதி மட்டும் தெரியாது. குடும்பமே சேர்ந்து மறைக்கிறது. ஒரு தடவை அக்கா மகள் போனில் உளறப் போனாள். பின்னாலிருந்து யாரோ போனைப் பிடுங்கினார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யாரைத் திட்டுவது?

வருடா வருடம் வயல் பச்சை பிடித்த பிறகு அக்காவே கூப்பிடுகிறாள்.

"நட்டு முடிச்சாச்சுடா. இனிமே நீ வரலாம்."